லாவெண்டர் எண்ணெய் இருக்கிறதே, தூக்க மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 47. கும்பகோணம் பக்கம் ஒரு வங்கியில் வேலை. எட்டு மாதத்துக்கு முன்னால் அம்மா தவறிவிட்டார். அதிலிருந்து தூக்கம் சரியில்லை. படுத்தால் பன்னிரண்டு மணி வரை புரண்டுகொண்டே இருக்கிறேன். அப்புறம் கண் அசந்தாலும் மூன்று, மூன்றரைக்கெல்லாம் விழிப்பு வந்துவிடுகிறது. மருத்துவர் கொடுத்த குளோனாசெபாம் 0.5 மாத்திரையை ஐந்து மாதமாக இரவில் போடுகிறேன். பழகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. தெரிந்தவர் ஒருவர் வாசனை எண்ணெய்கள் விற்கிறார். அவரிடம் லாவெண்டர், யூகலிப்டஸ், மல்லிகை மூன்றும், அவற்றைக் காற்றில் பரப்பும் ஒரு டிஃப்யூசரும் வாங்கினேன். டிஃப்யூசரை இரவு முழுக்க ஓடவிடலாம், லாவெண்டரை வெந்நீரில் இரண்டு சொட்டு விட்டுக் குடிக்கலாம், மாத்திரையை நிறுத்திவிடலாம் என்கிறார். லாவெண்டர் வாசனை எனக்கு ரூம் ஃப்ரெஷ்னர் போல இருக்கிறது. மல்லிகையைப் போட்டால் அம்மா ஞாபகம் வந்து அழுகை வருகிறது. கணவருக்கு வீசிங் உண்டு. அடுத்த மாதம் மகள் தன் பத்து மாதக் குழந்தையோடு வந்து தங்கப்போகிறாள். இந்த எண்ணெய்களை நம்பலாமா? எப்படிப் பயன்படுத்துவது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில் (மனநல மருத்துவர்):

அன்புள்ள சகோதரிக்கு,

மற்றதெல்லாம் பிறகு. அந்த எண்ணெயை வெந்நீரில் விட்டுக் குடிக்காதீர்கள். மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். இரண்டும் இன்று இரவுக்கே பொருந்துகிற விஷயங்கள் என்பதால் முதலிலேயே சொல்லிவிட்டேன். காரணங்களைப் பிறகு சொல்கிறேன்.

வாசனையை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த வேலைக்கு என்பதைப் பொறுத்தது அது. மாத்திரையின் வேலையை வாசனை செய்யாது. அம்மாவை இழந்த துக்கத்தையும் அது ஆற்றாது. ஆனால் “இன்றைய நாள் முடிந்தது, இனிப் படுக்கலாம்” என்று மூளைக்குச் சொல்லும் ஓர் அடையாளமாக அதைப் பழக்கிக்கொள்ள முடியும். பள்ளிக்கூடத்தில் கடைசி மணி அடித்ததும் பிள்ளைகள் பையைத் தூக்குகிறார்கள். மணியோசைக்குள் ஏதும் மருந்து இல்லை. தினமும் அதே நேரத்தில் அதே மணி அடிப்பதால் வந்த பழக்கம். படுக்கையறையில் வாசனைக்கு நான் கொடுக்கும் இடம் அவ்வளவுதான். அது சின்ன இடமும் இல்லை.

வாசனைக்கு இந்தப் பழக்கம் சீக்கிரம் பிடிபடுவதற்கு உடலிலேயே காரணம் இருக்கிறது. மூக்கின் மேற்கூரையில், சில சதுர சென்டிமீட்டர் இடத்தில்தான் மணத்தை அறியும் நரம்பு செல்கள் இருக்கின்றன. அவற்றின் இழைகள் மண்டையோட்டின் சல்லடை போன்ற எலும்பைத் தாண்டினால் நேராக மூளைதான். கண்ணும் காதும் அனுப்பும் செய்திகள் தாலமஸ் என்ற இடைநிலையத்தில் நின்று பிறகுதான் மேலே போகும். மணத்தின் செய்தி அங்கே நிற்காமல், பயம், பாசம், பதற்றம் இவற்றைக் கையாளும் அமிக்டலாவுக்கும், நினைவுகளைச் சேர்க்கும் பகுதிக்கும் குறுக்குவழியில் போய்விடுகிறது. அதனால்தான் மல்லிகை மணம் வந்ததும், அது மல்லிகை என்று நீங்கள் யோசிப்பதற்கு முன்பே தொண்டை அடைக்கிறது.

அந்த அழுகையைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். அதைக் கோளாறு என்று நினைக்காதீர்கள். எட்டு மாதம் என்பது அம்மா விஷயத்தில் நீண்ட காலம் ஒன்றும் இல்லை. ஆனால் படுக்கப் போகும் நேரத்தில் அந்த மணத்தைத் தேடிப் போக வேண்டாம். விளக்கை அணைத்த பிறகு வரும் அழுகைக்குப் பேச்சுத் துணை இருக்காது. அது ஒரு மணி நேர யோசனையாக நீளும், பிறகு தலைவலியோடு முடியும். மல்லிகை பகலுக்கு இருக்கட்டும். வெள்ளிக்கிழமை அம்மா படத்துக்குப் பூச் சாத்தும்போது, அக்கா தங்கையோடு பேசிக்கொண்டிருக்கும்போது அழுகை வந்தால் வரட்டும். அது தேவையும்கூட.

சொல்லப்போனால் உங்கள் பாட்டிலில் இருப்பது மல்லிகைதானா என்பதே சந்தேகம். மல்லிகையை லாவெண்டர் போல நீராவியில் வடித்து எடுப்பதில்லை. அந்தச் சூட்டை அது தாங்காது. கரைப்பான் ஊற்றி மெழுகு போன்ற ஒரு பொருளாக எடுத்து, அதிலிருந்து ‘அப்சல்யூட்’ என்ற சாற்றைப் பிரிக்கிறார்கள். கிலோக்கணக்கில் பூப் போட்டால் சில கிராம்தான் தேறும். சத்தியமங்கலம், மதுரைப் பக்கத்துப் பூக்கள் இப்படிச் சாறாகி வெளிநாட்டு வாசனைத் திரவியத் தொழிலுக்குப் போகின்றன. அசல் சாறு கிலோ லட்சக்கணக்கில் விலை போகிறது. அதனால் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்லிகை ‘எசென்ஷியல் ஆயில்’ பெரும்பாலும் செயற்கை மணம் சேர்த்ததாகத்தான் இருக்கும். இது ஒரு புறம் இருக்கட்டும். ஒற்றைத் தலைவலி உள்ளவர்களில் பலருக்கு மல்லிகை வாசனையே தலைவலியைக் கிளப்பிவிடும். எல்லோருக்கும் இதமான வாசனை என்று ஒன்று கிடையாது.

லாவெண்டருக்கு வருவோம். வாசனை எண்ணெய்களில் அதிகம் ஆராயப்பட்டது அதுதான். அதன் எண்ணெயில் லினலூல், லினலைல் அசிடேட் என்ற இரண்டு பொருள்கள் பிரதானம். ஜப்பானின் ககோஷிமா பல்கலைக்கழகத்தில் 2018இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், எலிகளை லினலூல் மணத்தை முகரவைத்தபோது அவற்றின் பதற்றம் குறைந்தது. முகரும் திறனை இழக்கச் செய்த எலிகளிடம் அந்தப் பலன் இல்லை. அதாவது நுரையீரல் வழியாக ரத்தத்தில் கலந்து அது வேலை செய்யவில்லை, மூக்கு வழியாகத்தான் செய்தது. இன்னொன்றும் அந்த ஆய்வில் உண்டு. உங்கள் குளோனாசெபாம் எந்த வகை மருந்தோ அந்த வகையின் செயலை முறிக்கும் மாற்று மருந்தைக் கொடுத்தபோது, லினலூல் மணத்தின் பலனும் போய்விட்டது. விற்பவர்கள் பிடித்துக்கொள்வது இந்த இடத்தைத்தான். “பார்த்தீர்களா, மாத்திரை போகிற இடத்துக்கே லாவெண்டரும் போகிறது, பிறகு மாத்திரை எதற்கு” என்பார்கள். எலிக்குக் கொஞ்சம் பதற்றம் தணிந்தது என்பதற்கும், ஐந்து மாதமாக மாத்திரை எடுக்கும் ஒரு பெண் அதை நிறுத்தலாம் என்பதற்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

மனிதர்களிடமும் நிறைய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. செவிலியர்கள், கல்லூரி மாணவர்கள், தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகள், பிரசவமான பெண்கள் என்று பலரிடம் பார்த்திருக்கிறார்கள். தூக்கம் ஓரளவு மேம்பட்டதாகத்தான் பெரும்பாலும் முடிவு வருகிறது. ஆனால் இவற்றில் பலவும் சிறிய ஆய்வுகள். அதைவிடப் பெரிய சிக்கல், மாத்திரை ஆய்வில் செய்வதுபோல எது மருந்து, எது வெறும் மாவு என்று தெரியாமல் கொடுக்க இங்கே வழி இல்லை. முகர்ந்தால் தெரிந்துவிடுமே. “நல்ல வாசனை, இன்று தூக்கம் வரும்” என்ற எதிர்பார்ப்பே பாதித் தூக்கத்தைக் கொண்டுவந்துவிடும். மருத்துவராக எனக்கு அதில் வருத்தம் இல்லை. எதிர்பார்ப்பால் தூங்கினாலும் அது தூக்கம்தான். நெஞ்சு படபடக்கிற ஆளுக்கு, அல்லது வேலை அலுப்பு மனதைவிட்டு இறங்காத ஆளுக்கு இது போதுமான உதவி. மனச்சோர்வு நோயாகவே முற்றியவருக்கு இது போதாது.

“அப்படியானால் ஜெர்மனியில் லாவெண்டரை மருந்தாகவே கொடுக்கிறார்களே” என்று அந்தத் தெரிந்தவர் கேட்கக்கூடும். கொடுக்கிறார்கள், உண்மைதான். 80 மில்லிகிராம் லாவெண்டர் எண்ணெய் கொண்ட கேப்சூல் அது. பதற்றத்துக்கு அது, உங்கள் குளோனாசெபாம் வகையையே சேர்ந்த லோராசெபாம் 0.5 மில்லிகிராமுக்கு நிகராக இருந்ததாக 2010இல் ஓர் ஆய்வும் வந்தது. ஆனால் அதற்காகவே தரப்படுத்தி, அளந்து அடைத்து, மருந்துக்கான அனுமதி பெற்று விற்கிறார்கள். டிஃப்யூசருக்கு வாங்கிய பாட்டிலில் அந்தத் தரமும் இல்லை, அந்த அளவும் இல்லை. தவிர, எண்ணெய் வெந்நீரில் கரையாது. மேலே மிதந்து அப்படியே தொண்டையிலும் இரைப்பையிலும் ஒட்டி எரிச்சல் தரும்.

லாவெண்டராவது பரவாயில்லை. உங்கள் செட்டில் உள்ள யூகலிப்டஸ்தான் எனக்குக் கவலை. நம் வீடுகளில் நீலகிரித் தைலம் என்றால் யாரும் பயப்படுவதில்லை. ஊட்டிக்குப் போனால் ஆளுக்கொரு பாட்டில் வாங்கி வருகிறோம். ஆனால் யூகலிப்டஸும் கற்பூரமும் மூளையைத் தூண்டிவிடும் தன்மை கொண்டவை, வலிப்பைக்கூடக் கொண்டுவரக்கூடியவை. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் மருத்துவர்கள் இதைத் தொடர்ந்து ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். இதற்கு முன் வலிப்பே வராதவர்களுக்கும் இந்த எண்ணெய்கள் கலந்த தைலம், பாம் பயன்படுத்தியபின் வலிப்பு வந்திருக்கிறது. இப்போது உங்கள் நிலையை எண்ணிப் பாருங்கள். குளோனாசெபாம் என்பது வலிப்பை அடக்கவும் கொடுக்கும் மருந்து. மாதக்கணக்கில் எடுத்துவிட்டு அதைத் திடீரென்று நிறுத்தினால், முன்பைவிட மோசமான தூக்கமின்மை, கை நடுக்கம், படபடப்பு வரும். சிலருக்கு வலிப்பே வரும். அதை நிறுத்திய அதே வாரத்தில் அறை முழுக்க யூகலிப்டஸ் ஆவியை நிரப்புவது, வேண்டாத வேலை. தூக்கத்துக்கு யூகலிப்டஸ் எந்த வகையிலும் பொருத்தமும் இல்லை. அது மூக்கைத் திறந்து விழிப்பைத் தரும் ரகம்.

மாத்திரை பழகிவிடுமோ என்ற உங்கள் பயம் நியாயமானதுதான். ஐந்து மாதம் என்பது அதைப் பற்றி மருத்துவரிடம் பேச வேண்டிய காலமும்கூட. “இதை எப்போது, எப்படிக் குறைக்கலாம்?” என்று அவரிடமே நேராகக் கேளுங்கள். அவர் கொஞ்சம் கொஞ்சமாக, வாரக்கணக்கில் இறக்குவார். நான் கீழே சொல்லும் பழக்கத்தை மாத்திரை இருக்கும்போதே தொடங்கி, அது நன்றாக ஊன்றியபின் குறைத்தால் இறங்குவது சுலபம்.

இப்போது வாசனையைத் தேர்ந்தெடுப்பது. லாவெண்டர் உங்களுக்கு ரூம் ஃப்ரெஷ்னர் போல இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது மிக முக்கியமான வரி. ஐரோப்பாவில் பலருக்கு லாவெண்டர் என்றால் பாட்டி வீட்டுத் துணி அலமாரி. நம்மில் பலருக்கு அது ஹோட்டல் குளியலறை, வாடகை கார். அந்த மணத்தை வைத்துக்கொண்டு மனதை வீட்டுக்கு வரச் சொன்னால் எப்படி வரும்? ஜம்முவின் டோடா மாவட்டத்தில் இப்போது லாவெண்டர் நன்றாக விளைகிறது, உள்நாட்டு எண்ணெயே கிடைக்கிறது என்பதெல்லாம் சரி. உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். காசு கொடுத்து வாங்கிவிட்டோமே என்று முகர வேண்டாம்.

எனக்கு வெட்டிவேர் மேல் ஒரு சாய்வு உண்டு. மண்வாசனையும் குளிர்ச்சியும் கலந்த மணம், தலையில் ஏறாது, வேரே கும்பகோணத்தில் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். லாவெண்டர் அளவுக்கு அதற்கு ஆய்வு பலம் இல்லை. ஆனால் அடையாளமாகப் பழக்கப் போகிறோம் என்பதால் அது பெரிய குறை இல்லை. சந்தனம் பிடிக்குமானால் கல்லில் இழைத்த சந்தனமே போதும். திருநீற்றுப்பச்சை இலை வைத்திருந்தால் அதைக் கசக்கி முகர்ந்து பாருங்கள். லாவெண்டரில் சொன்ன லினலூல் அதிலும் பல வகைகளில் இருக்கிறது, நாம் ரசத்துக்குப் போடும் கொத்தமல்லி விதையின் எண்ணெயிலோ பாதிக்கு மேல் அதுதான். தேர்வில் இரண்டு விஷயம் பார்த்தால் போதும். மணம் உங்களுக்குப் பிடித்திருக்க வேண்டும். அம்மாவையோ, ஆஸ்பத்திரியையோ, பூஜையறையையோ, வேறு எதையும் அது அழைத்து வரக் கூடாது. புது மணமாக இருந்தால் இன்னும் நல்லது, நீங்கள் எதைக் கற்றுக்கொடுக்கிறீர்களோ அதை மட்டும் கற்றுக்கொள்ளும்.

டிஃப்யூசரை இரவு முழுக்க ஓடவிடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரே மணத்துக்கு மூக்கு சில நிமிடங்களில் பழகிவிடும். பூக்கடைக்காரருக்குப் பூ மணப்பதில்லையே. அதற்குப் பிறகு ஓடும் ஒவ்வொரு மணி நேரமும் உங்களுக்குப் பலனில்லாமல், மூடிய ஏசி அறையின் காற்றில் எண்ணெய்த் துகளை ஏற்றிக்கொண்டிருக்கும். தலைவலியும் தொண்டை கமறலும்தான் மிச்சம். அதிலும் அதே அறையில் படுக்கும் கணவருக்கு வீசிங். எவ்வளவு ‘இயற்கையான’ எண்ணெயாக இருந்தாலும் அது அவருடைய மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடலாம். எனவே உங்கள் வீட்டில் டிஃப்யூசரே வேண்டாம் என்பதுதான் என் யோசனை. சாம்பிராணிப் புகை, கம்ப்யூட்டர் சாம்பிராணி, ஊதுபத்தி இவையும் படுக்கையறைக்குள் வேண்டாம். அவற்றில் மணத்தைவிடப் புகைதான் அதிகம் உள்ளே போகிறது.

அதற்குப் பதில் ஒரு கைக்குட்டை போதும். உங்கள் மணம் உங்களோடு இருக்கும், அடுத்தவர் மூக்குக்குப் போகாது. செய்யும் விதத்தைச் சொல்கிறேன்.

நீங்கள் பத்தரைக்குப் படுப்பதாக வைத்துக்கொள்வோம். பத்துக்கே போனைக் கூடத்தில் சார்ஜில் போட்டுவிடுங்கள். பெரிய விளக்கை அணைத்துவிட்டுச் சின்ன விளக்கு மட்டும். கட்டிலில் வேண்டாம், ஒரு நாற்காலியில் உட்காருங்கள். பருத்திக் கைக்குட்டையில் ஒரே ஒரு சொட்டு எண்ணெய், அல்லது ஒரு துணி முடிச்சில் ஒரு பிடி வெட்டிவேர். முகத்துக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்து, நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். பத்து நிமிடம். பிடித்த வாசனையை முகரும்போது மூச்சு தானாகவே ஆழமாகவும் நிதானமாகவும் போகும், கவனித்திருப்பீர்கள். மூச்சை நீட்டி விடும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் இறங்குகிறது. வாசனையின் பலன் என்று நாம் நினைப்பதில் ஒரு நல்ல பங்கு இந்த மூச்சின் பலன்தான். அந்தப் பத்து நிமிடத்தில் மனம் வங்கிக்கும் அம்மாவிடமும் ஓடும். ஓடட்டும், திட்டாமல் மறுபடி மூச்சுக்கு வாருங்கள். கண் சொக்கினால் எழுந்து போய்ப் படுங்கள், கைக்குட்டை தலையணைக்குப் பக்கத்தில் இருக்கட்டும்.

அடுத்து வருவதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். படுத்து இருபது நிமிடம் போலத் தூக்கம் வரவில்லை என்றால் (கடிகாரம் பார்க்காதீர்கள், உத்தேசம் போதும்) எழுந்துவிடுங்கள். எழுந்ததும் முதல் வேலை, கைக்குட்டையை ஒரு மூடி போட்ட டப்பாவில் போட்டு மூடுவது. பிறகு அடுத்த அறையில் மங்கின வெளிச்சத்தில் சலிப்பான ஏதாவது செய்யுங்கள், துணி மடிப்பதுகூடச் சரிதான். தூக்கம் வந்தால் டப்பாவைத் திறந்து எடுத்துக்கொண்டு மறுபடி படுங்கள். மூன்று மணி விழிப்புக்கும் இதே முறைதான். ஏன் இந்தச் சிரமம் என்றால், மணத்தை முகர்ந்துகொண்டே இரண்டு மணி நேரம் விழித்துக் கிடந்தால், “இந்த மணம் வந்தால் புரள வேண்டும்” என்றுதான் மூளை கற்றுக்கொள்ளும். இரவு முழுக்க டிஃப்யூசர் போட்டும் தூக்கம் வரவில்லை என்று சொல்பவர்களிடம் விசாரித்தால், அந்த மணத்தோடுதான் போனையும் நோண்டியிருப்பார்கள், கவலையும் பட்டிருப்பார்கள். பகலில் அந்த மணத்தை எதற்கும் பயன்படுத்தாதீர்கள், அலுவலகப் பதற்றத்துக்கும்கூட. அதற்கு வேண்டுமானால் வேறு மணம் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு நாளில் பலன் எதிர்பார்க்க வேண்டாம், சில வாரங்கள் விடாமல் செய்ய வேண்டும். இரவு எப்படிப் போனாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுந்துவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமையும்தான். வங்கியிலிருந்து வந்ததும் ஒரு டம்ளர் டிகிரி காபி குடிப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். கும்பகோணத்துக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, ஆனால் ஐந்தரைக்குக் குடித்த காபியின் கஃபைனில் பாதி பத்தரைக்கும் உடம்பில் இருக்கலாம். அதை மதியத்துக்கு மாற்றிவிடுங்கள். இந்தப் படுக்கை ஒழுங்குகள் எல்லாம் தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையின் பகுதி. நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்பே இதைத்தான் கொடுக்க வேண்டும் என்று ‘அமெரிக்கன் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ்’ என்ற மருத்துவர்கள் அமைப்பு 2016இல் பரிந்துரைத்தது. நான் அதில் வாசனையை ஒரு துணைக்கருவியாகச் சேர்த்திருக்கிறேன், அவ்வளவே.

எண்ணெயை நேராகத் தோலில் தடவ வேண்டாம். நெற்றிப்பொட்டில் வைத்துக்கொள்ள ஆசை என்றால் 30 மில்லி தேங்காய் எண்ணெயில் ஆறு சொட்டுக்கு மேல் கலக்காதீர்கள். பாட்டிலைத் திறந்தபின் காற்றுப் பட்டுப் பட்டு லினலூல் மாறிப்போய்த் தோல் ஒவ்வாமை தரும், அதனால் இருட்டான இடத்தில் இறுக்கி மூடி வையுங்கள், பழைய எண்ணெயைத் தூக்கிப் போடத் தயங்காதீர்கள். டிஃப்யூசரை என்றாவது வேறு அறையில் போட்டால் அரை மணி நேரம் போதும். மிச்சத் தண்ணீரைக் கொட்டித் துடைத்து வையுங்கள், நேற்றைய தண்ணீரில் இன்று ஓட்டக் கூடாது. தண்ணீர் கலந்த வாசனைப் பொருளில் கிருமி வளரும் என்பதற்குக் கசப்பான உதாரணம் உண்டு. 2021இல் அமெரிக்காவின் நான்கு மாநிலங்களில் நான்கு பேருக்கு மெலியாய்டோசிஸ் என்ற கடுமையான தொற்று வந்தது, இரண்டு பேர் இறந்தார்கள், அதில் ஒன்று குழந்தை. தேடிப் போனால், இந்தியாவில் தயாரான லாவெண்டர், சீமைச் சாமந்தி (கெமோமில்) மண அறை ஸ்ப்ரே ஒன்றுக்குள் அந்தக் கிருமி இருந்தது.

பேரக் குழந்தை வரும் முன் ஒரு வேலை செய்யுங்கள். யூகலிப்டஸ், லாவெண்டர், வீட்டில் உள்ள தைலம், பாம், பூஜைக் கற்பூரம், பாச்சை உருண்டை எல்லாவற்றையும் பூட்டுப் போட்ட அலமாரிக்கு மாற்றுங்கள். பத்து மாதக் குழந்தைக்குத் தவழத் தெரியும், கண்டதை வாயில் வைக்கவும் தெரியும். கற்பூர வில்லை அதற்குக் கல்கண்டு மாதிரிதான். ஒரு டீஸ்பூன் யூகலிப்டஸ் எண்ணெயே குழந்தையை மயக்கத்துக்கும் வலிப்புக்கும் கொண்டுபோய்விடும். அப்படி ஏதாவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். 108ஐ அழைத்து, பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சளி பிடித்திருக்கிறது என்று குழந்தையின் மூக்கிலோ நெஞ்சிலோ தைலம் தேய்ப்பதும், தலையணையில் சொட்டு விடுவதும் வேண்டாம். அந்த நெடியில் பிஞ்சுக் குழந்தைக்கு மூச்சே நின்றுபோகக்கூடும். குளித்ததும் சாம்பிராணி காட்டுவதை மகளின் மாமியார் கேட்டால் நான் சொன்னேன் என்று சொல்லித் தவிர்த்துவிடுங்கள்.

கடைசியாக, வாசனை எட்டாத இடம். உங்கள் கடிதத்தில் மூன்று மணி விழிப்பு என்ற வரியில் நான் கொஞ்சம் நின்றுவிட்டேன். படுத்ததும் தூக்கம் வராதது பெரும்பாலும் பதற்றத்தின் வேலை. விடியும் முன்பே விழித்து, அதற்குமேல் தூங்க முடியாமல் கிடப்பது மனச்சோர்வின் பழக்கப்பட்ட அடையாளங்களில் ஒன்று. சாப்பாட்டில் நாட்டம் குறைந்திருக்கிறதா? எதைச் செய்தாலும் ஒட்டாமல் இருக்கிறதா? காலை நேரம்தான் மிக மோசமாக இருக்கிறதா? அம்மாவின் கடைசி நாட்களை நினைத்து, நான் இன்னும் பார்த்திருக்கலாம் என்ற குற்ற உணர்ச்சி குடைகிறதா? இப்படி இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் தூக்க மாத்திரையும் போதாது, மனச்சோர்வுக்கே மருத்துவம் பார்க்க வேண்டும். உங்கள் வயதில் இன்னொன்றும் உண்டு. மாதவிடாய் நிற்கும் காலத்தில் திடீரென்று உடம்பு சூடேறி வியர்த்து விழிப்பு வரும். அப்படி இருந்தால் மகப்பேறு மருத்துவரையும் பாருங்கள். தைராய்டு, ஹீமோகுளோபின் இரண்டையும் ஒருமுறை பரிசோதித்துவிடலாம். நீங்கள் குறட்டை விடுகிறீர்களா என்று கணவரைக் கேளுங்கள். குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வருகிறது என்றால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள், அந்த நிலையில் குளோனாசெபாம் சிக்கலை அதிகமாக்கும்.

மருத்துவரிடம் போகும்போது அந்த எண்ணெய் பாட்டில்களையும் எடுத்துப் போய்க் காட்டுங்கள், எதையாவது ஏற்கெனவே குடித்திருந்தால் மறைக்க வேண்டாம். இரவில் மனம் மிகவும் கனத்துப் போய், வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால், விடியும்வரை காத்திருக்காதீர்கள். பக்கத்தில் படுத்திருக்கும் கணவரை எழுப்புங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416க்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசுவார்கள்.